தோத்திரம் அண்ணாச்சி கடவுளாகிப்போன கதை

தூத்துக்குடியில் கடவுளுக்கு ஆள் சேர்த்ததில் எந்தக் கோயில் மணியும் தோத்திரம் அண்ணாச்சியின் டீ கிளாஸுக்கு ஈடாகாது. துறைமுக வாசலில் கடை. கிளாஸை நீட்டுவார், கையை எடுக்க மாட்டார். படைத்தவனுக்கு நன்றி சொன்னால்தான் பிடி தளரும். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்தான், ஆனால் பாரபட்சம் கிடையாது. மைதீன் பாய் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். நான் 'முருகா' என்பேன். சூடு பொறுக்காமல் நாத்திகர்கள்கூட ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிடுவார்கள்.

"யாருக்கு நன்றி சொல்லுதோமோ, அவருதாம்ல நம்மளக் காப்பாத்தணும்" என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம்.

அதைக் கவிழ்த்தவர் ஓர் இலங்கைக் கப்பல் மெக்கானிக். சிங்களர், பௌத்தர், கொஞ்சம் தமிழும் வரும். கிளாஸைப் பிடித்தபடி, "நன்றி, அண்ணாச்சி" என்றார்.

"எனக்கில்லவே, படைச்சவருக்கு!"

"எங்களுக்கு அப்படி ஆள் இல்லை."

"அப்போ புத்தரு?"

"அவர் படைக்கவில்லை. வழி சொன்னார். நடக்கிறது நாங்கதான்."

"செஞ்ச பாவத்த மன்னிக்க?"

"ஆள் இல்லை. செய்ததுக்குப் பலன் வரும்."

"நடுக்கடல்ல புயலடிச்சா யாரக் கூப்பிடுவீரு?"

"இன்ஜினைப் பார்ப்பேன்."

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியவில்லை. மெக்கானிக் போனதும் பாயைத் தனியே இழுத்தார்.

"பாய், அந்த ஆளு எனக்குல்லா நன்றி சொல்லிட்டான்! அப்போ அவனக் காப்பாத்த வேண்டியது..."

"நீருதான்" என்றார் பாய், ஈவிரக்கமில்லாமல்.

கப்பல் கிளம்பிய அதே வாரம் புயல் கூண்டு ஏற்றினார்கள். அண்ணாச்சி டீயில் சீனியை மறந்தார், அப்புறம் டீத்தூளையே மறந்தார். கொட்டுகிற மழையில் கடற்கரையில் நின்று, "ஏ காத்தே, போதும்ல!" என்று அதட்டிக்கொண்டிருந்தவரை நான்தான் இழுத்து வந்தேன்.

"ஆண்டவர்ட்ட விட்டிரும் அண்ணாச்சி."

"அவர்ட்டயும் சொல்லியாச்சுலே. ஆனா அவன் சொன்னது எனக்குல்லா!" அழுதேவிட்டார்.

புயல் ஓய்ந்து ஒருநாள் அந்தக் கப்பல் திரும்பியது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே வந்து டீ கேட்டார்.

"என்னவே சிரிக்கீரு? ஒரு ஆளக் காப்பாத்தவே எனக்கு உசுரு போயிட்டு!" என்ற அண்ணாச்சி, வானத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஆண்டவரே, ஊரு பூராத்தையும் வச்சுக்கிட்டு நீரு எப்படிய்யா தூங்குதீரு?"

கிளாஸை வாங்கும்போது எனக்கு வாய் தவறிவிட்டது. "நன்றி, அண்ணாச்சி."

வெடுக்கென்று கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். "ஏலே, ஒரு ஆளுக்கு மேல என்னால தாங்காது! வாபஸ் வாங்குலே!"

"வாங்கிட்டேன்" என்றேன்.

இன்றுவரை வாங்கவில்லை.