பன்னிரண்டு ஜிபி வயலட்

ஒரு பொருளை வாங்குவதைவிட இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் எனக்குச் சுகம் அதிகம். இந்த வியாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சோப்பு வாங்கப் போனாலும் இரண்டு உறைகளின் முதுகையும் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் ஷட்டரில் கை வைத்துவிடுவார். சோப்போடு போயிருந்தால் பரவாயில்லை. இதில் ஒரு குடும்பத்தின் வீடே போனது. (இடியவில்லை. இடிந்திருந்தால் ஊர் இதற்குள் மறந்திருக்கும்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிவில் டிப்ளமோ முடித்து, பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் வீடியோவாகச் செய்துகொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தேன். முதல் வாடிக்கையாளர் தங்கராஜ் மாமா. அப்பாவின் சிநேகிதர், மஸ்கட்டில் வேலை, உதியன்குளங்கரையில் வீடு கட்டுவதற்காக விடுப்பில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விமானம். சனிக்கிழமைக்குள் வீடியோவைப் பார்த்துச் சம்மதித்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு ஏசி ஆபீசுக்கு.

என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு மாமா வீட்டின் மாடிப்படியைப் பார்த்தே மயங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும். இரண்டு கார்டுகளைத் தேர்ந்தெடுத்து, எது நல்லது என்று இரண்டு வாரம் தவித்தேன்.

நெய்யாற்றின்கரையில் எங்கள் சொந்தக்காரர் சுரேஷ் அண்ணனுக்குக் கீழே துணிக்கடை, மாடியில் கம்ப்யூட்டர்க் கடை. கல்யாணம் வந்தால் அவர் கடையிலிருந்து பத்துப் புடவைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, விரித்துப் பார்த்து, எட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் தவிப்பதைப் பொறுக்காத அம்மா அந்த வழக்கத்தை மாடிக்கும் நீட்டினாள்.

"சுரேஷே, அந்தக் கார்டு ரெண்டையும் குடுத்து விடு. பிள்ள வீட்டுல வெச்சுப் பாக்கட்டு. பிடிச்சத வெச்சிட்டு மத்தத திருப்பித் தாறோம்."

"சித்தி, இது சாரி இல்ல, கம்ப்யூட்டர் சாமானாக்கும். பெட்டியப் பொளிச்சா கம்பெனிக்காரன் திரும்ப எடுக்க மாட்டான்."

"நாங்க பைய, கிழியாமப் பொளிப்போம்," என்றாள் அம்மா. புதன்கிழமை மாலை இரண்டும் வீட்டுக்கு வந்தன.

முதல் கார்டில் எட்டு ஜிபி நினைவகம், ஆனால் வேகம் அதிகம். இரண்டாவதில் பன்னிரண்டு ஜிபி, வேகம் குறைவு, மூன்று விசிறி. வேகம், வாட், நீளம், விசிறியின் அகலம் என்று இருபத்தேழு வரிசையில் அட்டவணை போட்டேன். பத்தொன்பதில் முதல் கார்டுதான் ஜெயித்தது. அம்மா இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்குத்தான் கனம் உண்டு. இதையே எடு," என்று பன்னிரண்டைக் காட்டினாள். நான் படித்தவள் அல்லவா, சிரித்தேன்.

அடுத்து, செயல்திறன் சோதனை. மாமாவின் வீட்டையே இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. எந்த வீடியோ எந்தக் கார்டில் செய்தது என்று குழம்பக்கூடாதே! அதனால் முதல் கார்டுக்கு மாமா கேட்ட கிரீம் நிறம். இரண்டாவதற்குச் சுவரெல்லாம் அடர் வயலட், ஜன்னலுக்கு ரோஸ் பார்டர்.

வீட்டைச் சுற்றி நாற்பது தென்னை வைத்திருந்தேன். (தென்னை இல்லாத வீட்டை எங்கள் பக்கம் யாரும் வீடாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) ஒவ்வொன்றையும் ஓலை ஓலையாகச் செய்திருந்தேன். முதல் கார்டு வீட்டைப் பறந்து பறந்து முடித்துவிட்டு, தோப்புக்குள் நுழைந்ததும் நினைவகம் போதவில்லை என்று நின்றது. பத்துத் தென்னையை வெட்டியிருந்தால் போதும். ஆனால் பத்தொன்பது வரிசையில் ஜெயித்த கார்டு தென்னையிடம் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினேன். வியாழன் போனது, வெள்ளியும் போனது.

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் இரண்டாவது கார்டைச் செருகினேன். அது ஆடி அசைந்து நாற்பது தென்னையையும் முடித்தது. துள்ளிக் குதித்தேன். அப்போதுதான் கேட் திறந்தது. தங்கராஜ் மாமாவும் சரோஜா மாமியும். கைவசம் இருந்தது வயலட் வீடு மட்டும்.

"நிறம் சோதனைக்குப் போட்டது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வேலை முடியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். பயத்தில் அட்டவணையை எடுத்தேன். இருபத்தேழு வரிசையையும் முக்கால் மணி நேரம் விளக்கினேன். மாமா ஒவ்வொரு வரிசைக்கும் "ஓ" என்றார். மாமியின் டீயில் ஆடை கட்டியது.

"மக்கா," என்றார் மாமா கடைசியில், "வீடு எப்ப வரும்?"

வீடியோ ஓடியது. மாமாவின் கையிலிருந்த பழம்பொரி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நான் கிரீம் கலரு சொன்னதாக்கும் ஓர்ம."

"இது பன்னெண்டு ஜிபி மாமா," என்றேன். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி அட்டவணையைப் பார்த்தாள். "படிச்ச பிள்ள சொல்லுகுல்லா," என்றாள். மாமா சம்மதித்தார். அன்று மாலையே வீடியோ காண்டிராக்டருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. நாளை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். வெட்கம் விடவில்லை. ஒரு நாள் பெயின்டர் வயலட் டப்பாவோடு வந்து ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துப் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு மாமா வந்தார். பந்தி முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா, சங்கடப்படாத. இப்ப பதினாறு ஜிபி வந்திருக்குன்னு சொல்லுகானுவ. அதுல போட்டா வேற கலரு கிட்டுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். உடனே கிரீம் அடிக்கலாம் என்றார். மாமிதான் விடவில்லை.

"ஊருல எல்லாருகிட்டயும் இதாக்கும் புது டெக்னாலஜின்னு சொல்லி வெச்சிருக்கேன். இனி மாத்தினா என் மொகத்த எங்க கொண்டு வெக்க?"

வீடு இன்றும் வயலட்தான். பஸ்ஸில் அதைக் கடக்கும்போது நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன். அந்தக் குடும்பத்திலும் எங்கள் குடும்பத்திலும் யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதற்கு ஒரே கேள்விதான். போன வாரம் நான் வைத்த மீன்குழம்பை என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்றார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டாள்:

"மருமோனே, அது எத்தன ஜிபி?"