மாஸ்டருக்குக் கண்ணாடி ஆகாது

செத்துப்போன தியாகராசா மாஸ்டரின் நெற்றி வெளுக்கத் தொடங்கியதும், பிரகலாதனின் முகமும் கூடவே வெளுத்தது.

அடுத்தநாள் காலை மாஸ்டரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. உடுவிலில் படம் அச்சடிக்கும் கடை திறந்து பிரகலாதனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அவருடைய படம்தான். நல்ல பருத்திக் கடதாசியில் அச்சடித்தாயிற்று. ஊரே வந்து கும்பிடப்போகும் படம்.

கண்ணாடி போட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. மாஸ்டரின் மனைவி இரத்தினம்மா விடவில்லை.

"கண்ணாடி வேண்டாம் தம்பி. அவருக்கு இழுப்பு. உள்ளுக்கை மூச்சு முட்டும்."

"மாமி, அது படம்தானே?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு அந்த மனுசனுக்கு யன்னல் திறந்து விட்டவள் நான். எனக்குச் சொல்லித் தாறியோ?"

கண்ணாடி இல்லாத படத்தில் ஈரச் சந்தனம் வைத்தால் மை கரையும். ஆகவே படத்தைக் காக்கும் ஸ்பிறே. அதைத்தான் அடித்தான். வெளியே மார்கழி மழை ஊற்ற, படத்தில் மூடுபனிபோல வெள்ளைப் புகார் இறங்கியது.

அவன் மனைவி கஜந்தினி ஸ்பிறேப் பேணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஈரக் காத்திலை அடிக்கக் கூடாதெண்டு கிடக்கு. இதை ஆர் வாசிக்கிறது?"

"இப்ப என்னப்பா செய்யிறது?"

"என்னையேன் கேக்கிறியள்? பேணியைக் கேளுங்கோ."

தலைமயிர் காயவைக்கும் மெசினால் சூடு பிடித்தான். புகார் அப்படியே இருக்க, கடதாசி அப்பளமாய் நெளிந்தது. புகாரைக் கரைக்க இன்னொரு பூச்சு அடித்தான். கை கொஞ்சம் கூடிவிட்டது. மாஸ்டரின் மீசை ஒழுகி உதட்டுக்கு வந்தது. துணியால் ஒற்றினான். துணிப் பஞ்சு கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"மீசையோடை போன மனுசனுக்கு இப்ப தாடியும் வளருது," என்றாள் கஜந்தினி.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த காலத்திலும் மாஸ்டர் அவனை இவ்வளவு வதைத்ததில்லை. திரும்ப அச்சடிக்கக் கடதாசியும் இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"நான் கடையைப் பூட்டிப்போட்டுக் காங்கேசன்துறையிலை கப்பலேறப்போறன்."

"மழைக்குக் கப்பலும் ஓடாது."

கடைசியில், செய்யவே கூடாதென்றதைச் செய்தான். நெளிவை அமத்திப் பிடிக்கப் படத்தின்மேல் கண்ணாடியைப் போட்டுச் சட்டத்தை அறைந்தான்.

காலையில் படத்தைக் கொண்டுபோய்ப் பந்தலில் வைத்தான். சனம் எட்டிப் பார்த்தது. புகாருக்குப் பின்னால் மாஸ்டர் இருக்கிறார் என்பதை நம்பத்தான் வேண்டியிருந்தது. இனி இந்த ஊரில் தன் கடைக்குப் பூனைகூட வராது என்று பிரகலாதனுக்கு விளங்கிவிட்டது.

இரத்தினம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கண்ணாடியைக் கண்டதும் முகம் இறுகியது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். புகார் போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை. கிண்ணம் கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ, புகார் உள்ளுக்கையல்லோ கிடக்கு! மனுசன் மூச்சு விடுறார்! கழட்டு தம்பி, கெதியாய்க் கழட்டு!"

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த குருக்கள் நிறுத்தினார். கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த தர்ப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஆருக்கம்மா அந்தியேட்டி செய்யிறது?"