கேம் பெட்டிக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு

பிள்ளைகளே, உங்கள் அப்பாக்கள் எல்லாம் தெரிந்தவர்கள் போல நடமாடுகிறார்கள் அல்லவா? அவர்களில் பாதிப் பேர் நடிக்கிறார்கள். மீதிப் பாதியைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் முதல் பாதி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். பத்தாவது பாஸ். (இரண்டாவது தடவையில். ஆனால் சான்றிதழில் அது பெரிதாகத் தெரியாது.) சில வருடங்களுக்கு முன் புதிதாக ஒரு வீடியோ கேம் பெட்டி சந்தைக்கு வந்தது. கேன்டீனில் அதைப் பற்றிப் பேச்சு அடிபட்டதும், அதன் எதிர்காலம் முழுவதும் என் கண்முன் தெரிந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி செல்வியை உட்காரவைத்துச் சொன்னேன்:

"செல்வி, இந்தப் பொட்டி பிச்சிக்கினு ஓடப்போவுது. நம்ம சுத்தி இத்தினி கம்பெனி கீது. ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீற பசங்க எத்தினி பேரு! லீவு நாள்ல இன்னா பண்ணுவானுங்க? துணி தொவைப்பானுங்க, தூங்குவானுங்க. அப்புறம்? நம்ம கடைக்குத்தான் வந்தாவணும்."

"அவனுங்க கையிலதான் போன் கீதே?"

"போன் சின்னது செல்வி. டிவி பெருசு."

இதுதான் நான் செய்த மொத்தச் சந்தை ஆராய்ச்சி.

பெட்டியை வாங்கியாயிற்று. பழைய டிவி ஒன்றும் கிடைத்தது. கடை வைக்க இடம்தான் சிக்கல். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் முனிரத்தினத்துக்குச் சாலையைப் பார்த்த மாதிரி ஒரு முன்னறை இருந்தது. ஆனால் அவருடைய மருமகன் அங்கே ஃபிரைடு ரைஸ் கடை போடவேண்டும் என்று தினமும் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கேட்டதும் முனிரத்தினம் மீசையைத் தடவினார்.

"இத பாரு நைனா. ஆயுத பூஜ அன்னிக்கித் தொறந்துக்கோ. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பத்து பேரு ஆடணும். ஆடுனா ரூம் உனக்கு. இல்லாங்காட்டி மாப்ள அடுப்ப தூக்கிக்கினு வந்துடுவான்."

"பத்து பேரா? நூறு பேர் நிப்பாங்க அண்ணே!" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

இப்போது கம்பெனிப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆயுத பூஜை அன்று எங்கள் பிரிவில் சந்தனக் கிண்ணம் என் கையில்தான் இருக்கும். பிரஸ் மெஷின், ஸ்பேனர், சுத்தியல், எண்ணெய்க் கேன் என்று ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைப்பேன். ஒரு வருடம், அசையாமல் நின்றுகொண்டிருந்த செக்யூரிட்டிக்கும் வைத்துவிட்டேன்.

அந்தக் கைதான் கடையிலும் வேலை செய்தது. டிவிக்குப் பொட்டு, பெட்டிக்குப் பொட்டு, ரிமோட்டுக்கு, பிளக்குக்கு எல்லாம் பொட்டு. கடைசியாக நான்கு கேம் டிஸ்க்குகள். ஒரு பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் குங்குமம் வைக்க மனம் வரவில்லை. திருப்பினால் மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. இதுவல்லவா தெய்வாம்சம்! நான்கிலும் கெட்டியாக மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தேன்.

இளைஞர் கூட்டம் அறை நிறைய நின்றது. ஆட வருகிறவர்களைக் கணக்கெடுக்க, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் தாரணி சாக்பீஸோடு சுவர் ஓரம் நின்றாள். நான் பெருமையாக டிஸ்க்கை உள்ளே விட்டேன். பெட்டி அதை விழுங்கியது. பிறகு, தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரி இருமியது. டிவியில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

"அப்பா, டிஸ்க்கு அழுக்கா கீதாம். தொடைக்கச் சொல்லுது" என்றாள் தாரணி.

வெளியே எடுத்துப் பார்த்தால் சந்தனம் வட்டமாகப் பரவியிருந்தது. ஒரு பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அண்ணே, சாமி உள்ள சுத்தியிருக்குது போல!" என்றான். நான் கலங்கவில்லை. மெஷின்காரன் அல்லவா? வேஸ்ட் துணியில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு நான்கு டிஸ்க்கையும் அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. ஒன்றுகூட ஓடவில்லை.

"வாடா, போன்லயே ஆடிக்கலாம்" என்று கூட்டம் கலைந்தது. சுவரில் ஒரு கோடுகூட விழவில்லை. அதற்குள் முனிரத்தினத்தின் மருமகன் டேப் வைத்துக் கடை வாசலை அளந்துகொண்டிருந்தான். மணி நாலரை.

நான் பூசணிக்காய்த் துண்டுகளுக்கு நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது தாரணி பெட்டியை நோண்டிக்கொண்டே, "அப்பா, டிஸ்க்கே இல்லாம உள்ளாற ஒரு கேம் கீது. ரிமோட்ட கையில புடிச்சிக்கினு வீசுனா டிவில பந்து ஓடுது" என்றாள். பத்துப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அதே நேரத்தில், எதிரே இருந்த பேக்கிங் கம்பெனியில் பூஜை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். செல்வி பொரியும் சுண்டலும் கொடுத்து அவர்களை உள்ளே கூப்பிட்டாள். ரிமோட்டையும் கையில் எடுத்தாள்.

"இன்னாக்கா அது?" என்றாள் ஒருத்தி.

"தெரியல. நடுவுல நிக்குற பாட்டிலு மட்டும் எங்க ஊட்டுக்காரரு மாதிரி கீது" என்று சொல்லிக் கையை வீசினாள். பத்துப் பாட்டிலும் விழுந்தன. (அவள் குறிபார்த்து வீசுவதில் தேர்ந்தவள். நானே சாட்சி.)

அறையே அதிர்ந்தது. "எனக்கு ஒரு தபா குடுக்கா! அந்தக் குண்டு பாட்டிலு எங்க சூப்பரவைசரு!" "தள்ளு, ஓரத்துல நிக்குது பாரு, அது எங்க நாத்தனாரு!" ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பெயர், ஒரு சிரிப்பு. தாரணி கோடு மேல் கோடு போட்டாள். ஐந்து, ஏழு, ஒன்பது...

அப்போது பார்த்து ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பெண்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். மணி ஆறுக்கு ஐந்து நிமிடம். ஒன்பது கோடு.

வாசலில் முனிரத்தினம் வந்து நின்றார். பின்னால் மருமகன், "மாமா, டைம் ஆச்சி. அடுப்ப எட்த்தாரட்டா? மாமா, இன்னா மாமா? மாமா..." என்று ஆரம்பித்தான்.

முனிரத்தினம் அவனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். "ஏம்மா செல்வி, அந்தப் பாட்டிலுக்கு யாரு பேரு வேணா வைக்கலாமா?"

"யாரு பேரு வேணா வைக்கலாம்ண்ணே."

"குடு இப்படி." வேட்டியை மடித்துக் கட்டினார். "பேஜார் பண்ற மாப்ள, இந்தா!"

பத்தும் சாய்ந்தன. தாரணி ஓடிப்போய்ச் சுவரில் பத்தாவது கோட்டை இழுத்தாள்.

"ஏய், நான் கணக்குல வரமாட்டேன்!"

"பத்து பேருன்னுதான தாத்தா சொன்னீங்க? யாருன்னு சொல்லலியே."

முனிரத்தினம் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு, "இன்னொரு தபா உருட்டிட்டுச் சொல்றேன்" என்றார். அறை எங்களுக்கு வந்தது.

நான் கணித்த இளைஞர்கள் இன்றுவரை வரவில்லை. தினமும் நாலரை முதல் ஆறரை வரை பேக்கிங் கம்பெனிப் பெண்கள்தான் வருகிறார்கள். இடம் போதாமல் இரண்டாவது பெட்டியும் வாங்கிவிட்டோம். பந்தை உருட்டிவிட்டுப் போனால் வீட்டில் சண்டை குறைகிறதாம். ஃபிரைடு ரைஸ் கடை பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களால் அதுவும் நன்றாக ஓடுகிறது.

போன வாரம் தாரணியின் படிப்புக்கு ஒரு லேப்டாப் வாங்கினோம். நான் ஆசையாகச் சமையலறைப் பக்கம் திரும்பினேன். சந்தனக் கிண்ணத்தைச் செல்வி ஏற்கெனவே முந்தானையில் மறைத்துவிட்டிருந்தாள். தாரணி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"அப்பா, அங்கயே நின்னு கும்பிட்டுக்கோ."

கும்பிட்டேன். அது இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது.