படம் தோன்றாமை குறித்து

கிடர்பூரில் கப்பல்துறையை ஒட்டி ஒரு மத்திய அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால், வேலை பார்க்கிறவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். நாம் அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம். அதன் மண்டல இயக்குநர் உயர்திரு மீனாட்சிசுந்தரம் அவர்களின் புது அலுவலகக் காரில் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு குறைபாடு கண்டறியப்பட்டது. போனிலிருந்து பாட்டுப் போட்டால் பாட்டு கேட்டது. திரையில் பாட்டுக்குரிய படம் மட்டும் வரவில்லை. படம் இருக்கவேண்டிய சதுரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இசைக்குறி நின்றது.

"சோபி நேயி, ஸார்" என்றார் டிரைவர் தபன். படம் இல்லை என்பதை அவர் தம் வங்காளியில், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

மாலைக்குள் கோப்பு திறந்தாயிற்று. 'பொருள்: அலுவலக வாகனத்தில் பாடலுக்குரிய படம் தோன்றாமை – குறித்து.' வாகனப் பிரிவு, 'வண்டி ஓடுகிறது. ஓடாவிட்டால் மட்டும் எங்களுக்கு எழுதவும்' என்று பதில் எழுதியது. கணினிப் பிரிவு, 'சக்கரம் உள்ள எதுவும் கணினி ஆகாது' என்றது. படம் என்ற சொல் இருந்ததால், ஊழியர்களின் புகைப்படங்களைப் பாதுகாக்கும் ஆவணப் பிரிவின் தலையில் அது வந்து விழுந்தது. அந்தத் தலை வைத்தியநாதனுடையது.

அவருக்கு வேறு கவலை இருந்தது. மனைவி வைதேகியும் மகளும் சென்னையில். அவர் நான்கு வருஷமாகப் பெஹாலாவில் ஒற்றை அறையில் கிடக்கிறார். சென்னைக்கு மாற்றல் கேட்ட மனு, ஒரே ஒரு கையெழுத்துக்காக இயக்குநர் மேஜையில் ஐந்து மாதமாகத் தவம் கிடந்தது.

"வைத்தி, வெள்ளிக்கிழமை டெல்லியிலேர்ந்து தலைமை இயக்குநர் வர்றாரு. நம்ம கார்லதான் வர்றாரு. அதுக்குள்ள படம் வந்தாகணும். வந்துச்சுன்னா அன்னிக்கே ஒம்ம மனுவுல கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றார் மீனாட்சிசுந்தரம்.

வைத்தியநாதன் ப்ளூடூத்தை அணைத்துப் போட்டார். போனை அணைத்துப் போட்டார். காரையே அணைத்துப் போட்டார்கள். தபன் காளிகாட் கோயிலுக்குப் போய்ச் செம்பருத்தி மாலை வாங்கிவந்து திரைக்குச் சாத்தினார். மாலை விழுந்த பிறகு இசைக்குறியும் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை, மாடி வீட்டில் குடியிருக்கும் ஐ.டி. பெண் சாய்பிரியாவிடம் வைத்தியநாதன் பாட்டைக் கொண்டுபோனார்.

"அங்கிள், சினிமாப் பாட்டுக்கெல்லாம் கார்ல படம் வருதா?"

"ஜோரா வருதும்மா. இதுக்குத்தான் வரல."

"அப்போ கார் மேல தப்பில்ல. இந்த ஃபைலுக்குள்ள யாரும் படமே வைக்கல. யாரு பாடினது இது?"

வைத்தியநாதன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எங்க டைரக்டர்."

போனில் பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுகிற மோகம், அரசு ஊழியத்தில் ஐம்பது வயதுக்கு மேல் சர்க்கரையைப் போல வந்துவிடுகிறது. மீனாட்சிசுந்தரம் தினம் காலை அலுவலகக் குரூப்பில் ஒரு பாட்டுப் போடுவார். ஒன்பது மணிக்குள் எண்பத்தாறு பேர் கைதட்டுவார்கள். தட்டாதவர்களின் வருகைப் பதிவேடு அன்றே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

"ஒரு படத்தை உள்ள வச்சுட்டா முடிஞ்சுது, அங்கிள். ரெண்டு நிமிஷம். எந்தப் படம்?"

அதற்குத்தான் இரண்டு நிமிஷம் போதவில்லை. வியாழக்கிழமை மூவர் குழு கூடியது. பாடல் இந்த ஆண்டில் பாடப்பட்டது, ஆகவே படம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்றார் நிர்வாக அதிகாரி. முடி கறுப்பாக இருந்த ஒரு படத்தை இயக்குநர் தாமே எடுத்து நீட்டினார். அது அவர் பெண் பார்க்கப் போவதற்காக எடுத்துக்கொண்டது. குழு அரை மணி நேரம் ஆலோசித்து, 'படம் முகத்தின் வயதுக்கன்றி, குரலின் வயதுக்குப் பொருந்தினால் போதுமானது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

வெள்ளிக்கிழமை. விமான நிலையத்திலிருந்து கார் கிளம்பியது. பின்னால் பெரியவர்கள் இருவர். முன்னால் தபன், பக்கத்தில் போனும் கையுமாக வைத்தியநாதன். வழியில் 'மா' என்கிற மேம்பாலத்தில் ஏறும்போது பாட்டைத் தட்டினார். திரையில் கறுத்த மீசையோடு மீனாட்சிசுந்தரம் எழுந்தருளினார். வைத்தியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னை சென்ட்ரலே தெரிந்தது.

தலைமை இயக்குநர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார்?"

"அடியேன்தான் சார். பாடுவதும் அடியேன்தான்."

"அதைக் கேட்கவில்லை. படம் எப்படி வந்தது?" அவர் தம் போனை எடுத்தார். குரல் தழுதழுத்தது. "நானும் நாற்பத்திரண்டு பாட்டுப் பாடி வைத்திருக்கிறேன். டெல்லியில் எத்தனையோ நிபுணர்கள் பார்த்தாகிவிட்டது. ஒன்றுக்காவது படம் வரவேண்டுமே!"

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆணை வந்தது: பொதுநலன் கருதி வைத்தியநாதன் உடனடியாக டெல்லித் தலைமையகத்துக்கு மாற்றப்படுகிறார். மீனாட்சிசுந்தரமும் வாக்குத் தவறவில்லை. சென்னை மனுவில் அன்றே கையெழுத்துப் போட்டார்: 'மனுதாரர் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டதால் இம்மனு முடித்துவைக்கப்படுகிறது.'

சாயங்காலம் வைத்தியநாதன் வைதேகிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுகை முட்டியது. மறுமுனையில் சத்தமே இல்லை. அவளும் அழுகிறாள் என்று நினைத்தார்.

"ஏங்க," என்றாள் வைதேகி கடைசியில், "டெல்லிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கும் அதைப் பண்ணிக் குடுத்துட்டுப் போங்களேன். நான் பாடினது பதினோரு பாட்டு இருக்கு. நம்ம கார்லயும் படமே வரமாட்டேங்குது."

வைத்தியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எழுத்துமூலம் கொடு," என்றார், "பார்க்கலாம்."