நம்பாதவர்கள் வீட்டுக் காப்பு

டயகம,
திங்கட்கிழமை, மழை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கோமளா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அவரவர் கொள்கைகளும் நலம். அண்ணியின் முழங்கால் வலியும் உங்கள் கொழும்பு வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் சரியாகியிருக்கும் என்று எண்ணுகிறேன். மேலே "இறைவன் அருளால்" என்று எழுதி அடித்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், கை பழக்கம். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள் என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் என்பதால் கடைசி வரி வரை வாசிக்கும் கடமையும் உங்களுக்கு இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? முன்னறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கடவுள் இல்லவே இல்லை என்பவன் நாத்திகன், இருக்கிறதா இல்லையா என்று மனிதனால் அறியவே முடியாது என்பவன் அறியொணாவாதி, இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்பவன் அக்கறையில்லாதவன், மனிதனே போதும் என்பவன் மனிதநேயன் என்று வடையைக் கடித்துக்கொண்டே வகை பிரித்தீர்கள். நீங்கள் மனிதநேயர் என்றும் சொன்னீர்கள். அந்த வடை படையலுக்கு எடுத்துவைத்தது. சரி, போகட்டும். நீங்கள் பேசி முடிப்பதற்குள் எங்கள் வீடு பங்கு பிரிந்துவிட்டது. உங்கள் மச்சான் பழனியாண்டி நாத்திகத்தை எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி நிரோஷன் அறியொணாவாதி ஆனான். எங்கள் மகள் நிலக்ஷி அக்கறையின்மையைத் தேர்ந்தெடுத்தாள்; அது அவளிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. நான் அடுப்படியில் அடுத்த ஈடு வடையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நீ என்ன வகை என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே உங்கள் மச்சான் சாமிப் படங்களை இறக்கினார். கலண்டரில் இருந்த முருகனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டுக் கீழே தேதிகளை மட்டும் தொங்கவிட்டார். ராகுகாலத்தை வெட்டவில்லை. அது நேரம் சம்பந்தப்பட்ட விசயமாம். நிரோஷன் தேயிலைப் பெக்டரிக்குப் போகும் வழியில் மாரியம்மன் கோயிலைக் கண்டால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குகிறான், நிறுத்துவதில்லை. ஏன் என்று கேட்டேன். "நிறுத்துனா இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிரும் அண்ணி. வேகமாப் போனா இல்லைன்னு சொன்ன மாதிரி. நான் இன்னும் முடிவெடுக்கல" என்றான். நிலக்ஷி இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. காதில் வேறு எதையோ மாட்டியிருக்கிறாள்.

இதனால் எனக்கு வந்த தொல்லையைக் கேளுங்கள். வகை சொல்லாத ஒரே ஆள் நான் என்பதால், மிச்சமிருக்கும் ஒரே பக்தையாகவும் நானே ஆகிவிட்டேன். அடுத்த லய வரிசை ராக்காயி அக்கா வீட்டில் காது குத்தா, டீச்சர் நான் வரவேண்டும். செத்த வீட்டில் கருமாதியா, கொள்கைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள், நான் உள்ளே போய்க் கும்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குக் கடலை அவிப்பதும் நான். நிரோஷனின் மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் நானே. "எதுக்கும் நீங்க வச்சிருங்க அண்ணி, நீங்க வச்சா அது என் கருத்து இல்லையே" என்று அவன் ஏறி உட்கார்ந்து நசுக்கிக்கொண்டு போனான்.

அண்ணா, உங்களுக்கு ஒன்று தெரியாது. எனக்கும் நம்பிக்கை கிடையாது. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்திலேயே போய்விட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒரு நாள் காலையில் வழக்கம்போலக் கும்பிடக் கண்ணை மூடினேன், அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. திறந்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அதற்கு என்ன பெயர் என்று யோசித்ததில்லை. பிரகடனம் செய்வதற்கு ஓய்வு வேண்டும், எனக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் இருபது வருடமாக இந்த வீட்டில் சத்தமில்லாமல் நம்பாமல் இருந்தவள் நான்தான். நேற்று முளைத்தவர்களுக்குப் பட்டம், எனக்குப் பூசைத் தட்டு!

பட்டம் என்றதும்தான் விசயத்துக்கு வருகிறேன். இந்த வருடத் திருவிழா முறை எங்கள் வீட்டுக்கு. வீட்டில் ஒருவர் கையில் காப்புக் கட்ட வேண்டும். கட்டியவர் தேர் ஓடி மஞ்சள் நீராட்டு முடியும் வரை மாமிசம் தொடக்கூடாது, தோட்டத்து எல்லையான ஆற்றுப் பாலத்தைத் தாண்டக்கூடாது. பூசாரி சோலைமலை அண்ணனும் ராக்காயி அக்காவும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள்.

உங்கள் மச்சான் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எனக்கு நம்பிக்கை இல்லீங்க சோலைமலை. நம்பாம கட்டுனா அது ஒங்க சாமிக்கே அவமரியாதை இல்லீங்களா?"

"எனக்கு அரைச் சந்தேகம்" என்றான் நிரோஷன். "அரைச் சந்தேகத்தோட முழுக் காப்புக் கட்டலாமா?"

ராக்காயி அக்கா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க கொள்கைய நீங்களே வச்சுக்குங்கய்யா. எங்க டீச்சர் இருக்காங்கள்ல!"

மூன்று முகங்களிலும் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது நிலக்ஷியுடையது, அதற்கு மட்டும் காதில் இருந்ததைக் கழற்றியிருந்தாள். நான் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பைகளோடு நின்றேன். மறுத்திருக்கலாம். தேநீர் ஆறிவிடுமே என்ற யோசனையில் தலையை ஆட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டியாயிற்று.

சனிக்கிழமை தபால் வந்தது. இரண்டு தடவை ஒத்திப்போன என் முதுமாணிப் பட்டமளிப்பு விழா, இந்த வியாழன் போய் அடுத்த வியாழக்கிழமை கண்டியில் நடக்கிறது. காப்பு அதற்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் அவிழும். இந்தப் பட்டத்துக்காகச் சனிக்கிழமைகளில் இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன், பஸ்ஸிலேயே பிள்ளைகளின் கொப்பி திருத்தியிருக்கிறேன். அதனால் இராச் சாப்பாட்டில் சொன்னேன்: "நான் போறேன். எனக்கு இந்தக் கயித்துல நம்பிக்கை இல்ல." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். நம்பாதவர்கள் வீடல்லவா, கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

உங்கள் மச்சானுக்குப் புரையேறியது. "காப்போட பாலத்தைத் தாண்டுறதா? வழியெல்லாம் வளைவு. மழை வேற."

"இல்லாத சாமி எப்படிங்க பஸ்ஸைக் கவுக்கும்?"

"சாமி கவுக்காது. தானாக் கவுந்தா? ஆத்தாதான் கவுத்துட்டான்னு சனங்க சொல்லும். நாத்திகத்துக்கு எவ்வளவு கெட்ட பேரு!"

"அம்பதுக்கு அம்பது அண்ணி. அப்பிடிப் பாத்தா பாதி பஸ்ஸாவது கவுந்துரும்" என்றான் நிரோஷன்.

நிலக்ஷி தட்டிலிருந்து நிமிரவில்லை. "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. என் ஏ.எல். ரிசல்ட் வந்த பொறகு போங்களேன்."

மறுநாளே கோயிலுக்குப் போய்ச் சோலைமலை அண்ணனிடம் நேராகக் கேட்டேன். மனிதர் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கண்டிக்கா? பட்டம் வாங்கவா? அட, போயிட்டு வாங்க டீச்சர்! ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க விடியக்காலையில பஸ்ஸுக்கு ஓடுனது அவளுக்குத் தெரியாதாக்கும்? போட்டோ எடுத்து ஒண்ணு குடுங்க, கோயில் ஆபீஸ்ல மாட்டணும்" என்றார். அம்மன் முகத்தைப் பார்த்தேன். அங்கும் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் உங்கள் மச்சான் கொதிக்கிறார். "சோலைமலை யாரு அனுமதி குடுக்க? இவரு இஷ்டத்துக்கு மாத்த முடியுமா? முறைன்னா முறைதான்!" கோயில் கமிட்டிக்குப் பெட்டிசம் எழுதப் போகிறாராம், பூசாரி ஆசாரம் தவறிவிட்டார் என்று. எழுதுவது நாத்திகர். சாட்சிக் கையெழுத்து நிரோஷன், "உண்மையாக இருக்கலாம்" என்ற குறிப்போடு.

அண்ணா, நீங்கள் பிரித்த வகைகளையெல்லாம் நான் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். காப்பு அடுத்தவர் கையில் இருக்கும் வரைதான் அந்த வித்தியாசங்கள். என் அவநம்பிக்கைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் கால் இருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலை அந்தப் பாலத்தைத் தனியாகவே தாண்டுவேன். நீங்களும் அண்ணியும் மண்டப வாசலுக்கு வந்துவிடுங்கள். எனக்கு இரண்டு பேரை அழைத்துவர அனுமதி உண்டு. இங்கிருந்து ஒருவரும் வரப்போவதில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, யாருடைய ஆசி என்று கேட்க வேண்டாம், என்னுடையதுதான்.

பணிவன்புடன்,
உங்கள் தங்கை,
கோமளா.

பின்குறிப்பு: இதை டவுன் தபால் கந்தோரில் நானே போட வேண்டும் என்று குடையோடு புறப்பட்டேன். பாலம் வரை போனேன். பூசாரி சம்மதித்துவிட்டார், அம்மனும் மறுக்கவில்லை, எனக்கோ நம்பிக்கையே இல்லை. ஆனாலும் கால் எழவில்லை. நிலக்ஷியின் ரிசல்ட் ஞாபகம் வந்துவிட்டது. பின்னால் நிரோஷன் வந்து, "அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா அண்ணி?" என்று கேட்டான். "தெரியலப்பா" என்றேன். கடிதத்தை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆகவே நீங்கள் கண்டிக்குப் போக வேண்டாம். வியாழக்கிழமை விடிவதற்கு முன் காரை நேராகப் பாலத்துக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் இறங்கி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்பேன். அழுதும் காட்டுவேன். நீங்கள்தான் எதையும் நம்பாதவர் ஆயிற்றே, அதையும் நம்பாதீர்கள்.