கண்ணுக்குள் உறைந்த நெய்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கண்ணைக் காட்டலாம், நெய்க்கண்ணாரிடம் மட்டும் காட்டக்கூடாது. பார்வை எந்த மாதம் மங்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னதோடு விடுவாரா? எழவு வீட்டில் செய்கிற மாதிரி முதுகையும் தடவிக்கொடுப்பார்.

விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அவர் சூளைக்காரர். சூளைக் கதவில் ஒற்றைக் கண் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் எட்டிப் பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே சாமான் வெந்ததா வேகலையா என்று சொல்வார். நான் கப்பு சாசரைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிறவள். நான் முக்கிய கப்பில் ஒரு சொட்டு வழிந்து நின்றதாக இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. அது இருக்கட்டும். அவருடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

டீ வருகிற நேரம் பார்த்து டார்ச் லைட்டோடு வருவார். இமையை விரலால் தூக்கி உள்ளே அடிப்பார்.

"கண்ணுக்குள்ள பயறு மாதிரி ஒண்ணு இருக்குது தங்கச்சி. அது முச்சூடும் நெய்யி. சின்ன வயசுல இளகி இருக்குது. வயசாக ஆக உறையுது. மார்கழி மாசத்துல டப்பா நெய்யி உறையல? அதாட்டம்."

சூப்பர்வைசர் சிரித்தார். "எனக்கு எப்பய்யா உறையும்?"

"வலது கண்ணுல வெள்ளை கட்டிடுச்சிங்க. பொங்கலுக்குள்ள மூடிடும்."

பொங்கல் வந்தது. சூப்பர்வைசர், மண் அரைக்கிற ஆளை முதலாளி என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார். அன்றிலிருந்து டார்ச் வெளிச்சம் தெரிந்தாலே பெண்களெல்லாம் மண் குடோனுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சோற்று நேரத்தில் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்குட்டியின் கண் இரண்டை வாங்கி வந்தார். அறுத்து, உள்ளே இருந்த உருண்டையை ஒரு சாசரில் வைத்தார். கண்ணாடிக் குண்டு மாதிரி தெளிவாக இருந்தது. சாசரை ஐஸ்கட்டி மேல் வைத்தார். பார்த்துக்கொண்டே இருக்கிறோம், உருண்டையின் நடுவில் பால் ஊறின மாதிரி வெள்ளை பூத்தது. செத்த மீன் முழிக்கிற முழி. அப்புறம் சூளைக் கதவின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். வெள்ளை கரைந்து, பழையபடி தெளிந்துவிட்டது. செத்துப்போன கண் எங்களையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ஒருத்தியும் சோறு தின்னவில்லை.

"பாத்துக்குனீங்களா? குளிருக்கு உறையுது, சூட்டுக்கு இளகுது!" என்றார்.

அங்கேதான் புத்தி கெட்டது. சூளை பார்க்கக் கொடுத்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். கண்ணுக்குள் நெய் இளகட்டும் என்று தினமும் ஓட்டையில் வெறும் கண்ணை வைத்து, ஒரு கண்ணுக்கு நூறு எண்ணுவார். நானும் மூன்று நாள் அதே மாதிரி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள், "என் நெய்யி உறைஞ்சே கெடக்கட்டும், நீங்க போங்கண்ணே" என்று வந்துவிட்டேன். அவர் விடவில்லை, வருஷக்கணக்கில் எண்ணினார்.

பிறகு ஒரு நாள், சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது எண்ணெய்க் குழாயைத் திருகி அடைத்துவிட்டார். முதலாளி ஓடி வந்தார்.

"என்னாய்யா பண்ற? உள்ள அத்தனை சாமானும் வீணாப் போவுது!"

"உள்ள ஆளு இருக்குதுங்க. வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டுக் குந்தியிருக்குது."

"யாரு?"

"எங்கம்மா."

அவருடைய அம்மா செத்து முப்பது வருஷம். நான் ஓட்டையில் பார்த்தேன். அடுக்கி வைத்த கப்புகள் செக்கச்செவேல் என்று இருந்தன, வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இரண்டு கண்ணிலும் நடுவில் வெள்ளை பூத்து நின்றது, சாசரில் பார்த்தேனே அதே வெள்ளை.

கண்ணைச் சரிசெய்யாமல் சூளைப் பக்கம் வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நெருப்பைப் பார்க்காவிட்டால் அந்த மனுஷன் எதைப் பார்ப்பார்? நான்தான் இழுத்துக்கொண்டு கண் முகாமுக்குப் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னது: "பெரியவரே, கண் லென்ஸுல கொழுப்பு இருக்கிறது நிஜம்தான். நெய் மாதிரி கட்டியா இல்ல. மெல்லிசு மெல்லிசா இழை இருக்கும், ஒவ்வொரு இழையையும் சுத்தி அந்தக் கொழுப்பு உறை மாதிரி இருக்கும். வயசாக ஆக இளகின வகை கொறைஞ்சி, விறைப்பான வகை கூடிப்போகும். அது திரும்ப இளகாது. அங்க ரத்தமும் போகாது, பழசு போய்ப் புதுசு வராது. நடுவுல இருக்கிறது நீங்க அம்மா வயித்துல இருந்தப்ப உண்டானது."

"ஆட்டுக்குட்டிக்கு இளகிச்சிங்களே!"

"அது குட்டி. ஐஸ்ல வந்த அந்த வெள்ளையும் கொழுப்பால வந்தது இல்ல, புரதத்தால வந்தது. சூளைச் சூடு பட்டுப் பட்டு உங்க கண்ணு முட்டை வெந்த மாதிரி ஆயிடுச்சி. அந்த லென்ஸை முழுசா எடுத்துட்டு வேற லென்ஸ் வெச்சிடலாம்."

"நானே வேக வெச்சிக்கினனா?" என்று கேட்டு இரண்டு இமையையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் திடீரென்று எழுந்தார். "அம்மா வயித்துல உண்டானதை எடுத்துப் போட்டுடுவாங்களா? அதுக்குள்ளதான அம்மா தெரியுது! வா தங்கச்சி, போவலாம்."

வாசல் வரைக்கும் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணே, நில்லுங்க! அம்மா அதுக்குள்ள இருக்குதுன்னா, இத்தனை வருஷமா வெந்துக்கிட்டுல்ல இருக்குது? பெத்தவளை நெருப்புல குந்தவெச்சி வேடிக்கை பாக்கிறீங்களே, நீங்கள்லாம் ஒரு புள்ளையா? வெளியில வுடுங்க!"

அப்படியே நின்றார். திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார்.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகி, டாக்டரம்மா சரி என்ற பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சூளைக்கு வந்தார். ஓட்டையில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நெருப்பின் நிறம் சரியாகத் தெரிகிறது என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி அந்தப் பக்கம் போனதும், இவர் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

"யாருமே இல்ல தங்கச்சி. நீ ஒரு தரம் பாரேன்."

பொய் சொல்லிப் பிழைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் ஓட்டையில் கண்ணை வைத்து, நூறு எண்ணுகிற நேரம் பார்த்தேன்.

"எழுந்து போவுதுண்ணே," என்றேன். "உங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவுது."