மிளகாய் சயாமாவும் மேனேஜர் கையும்

இந்த யாங்கோன் நகரத்தில் எலியை "வாங்க, பயப்படாதீங்க" என்றும் மனிதனை "அடேய், அங்கேயே நில்லு" என்றும் கூப்பிட்ட ஒரே பிறவி எங்கள் மிளகாய் சயாமாதான். சயாமா என்றால் பர்மா பாஷையில் டீச்சரம்மா. அப்பா தமிழர், அம்மா பர்மியர். கோபம் வந்தால் தமிழ் பேசுவார், ரொம்பக் கோபம் வந்தால் பர்மா பாஷை பேசுவார். சாதாரணமாகப் பேசினால் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், "வலி" என்பார் ஒரே வார்த்தையில். அடிபட்ட நரம்பு ஏன் ஆறாமல் வலித்துக்கொண்டே இருக்கிறது என்பதைத்தான் ஆயுசு முழுக்கக் கிண்டிக்கொண்டிருந்தார். கூண்டு எலிகளின் வலி நரம்பைத் தட்டி எழுப்ப மிளகாய்ச் சாறுதான் அவருடைய ஆயுதம். அந்தச் சாற்றுச் சீசா சதா அவர் பையிலேயே இருக்கும். அவர் பஸ் ஏறினால் கண்டக்டர் முதல் கடைசி சீட் வரை தும்முவார்கள். தும்மினவர்களுக்கும் திட்டு விழும்.

ஒரு கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்து, கூடத்தில் ஃப்ரீசர் படுத்துவிட்டது. உள்ளே அவருடைய நியூரோபெப்டைடு மாதிரிகள். நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி சொல்ல அனுப்புகிற குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள் அவை. சூடு பட்டால் கெட்டுப்போகும். சயாமா எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் போட்டு, டாக்ஸி பிடித்து, தாகேதாவில் தன் வீட்டுப் பக்கத்து மீன் ஐஸ் டிப்போவில் இறக்கினார்.

"என்ன சயாமா, மீன் முட்டையா?" என்று கேட்டார் டிப்போ முதலாளி.

"அடேய், இது வலிடா! பத்து வருஷத்து வலி!"

"அதை ஏன் ஐஸ் வச்சுக் காப்பாத்துறீங்க? ஆத்துல கொட்டிட்டுத் தலை முழுகுங்க."

மூன்று மாசம் அந்த முதலாளியோடு அவர் பேசவில்லை. பெட்டி மட்டும் அந்த டிப்போவிலேயேதான் இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் பில் டைப் அடிக்கிறவன் நான். மழைக்காலத்தில் ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்து, வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாகக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். மூன்று வாரத்தில் காயம் ஆறி வெறும் கோடாகிவிட்டது. அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. கட்டைவிரலிலும் புறங்கையிலும் சட்டைக் கை உரசினால் நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. ஃபேன் காற்றுப் பட்டால் எரிந்தது. கரண்ட் போனால் ஊரே சபிக்கும். "அப்பாடா, ஃபேன் நின்னுச்சு" என்று சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தன்தான்.

டாக்டரிடம் போனேன். காயத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே" என்றார். இன்னொருவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "ஒண்ணுமில்ல, மனசை லேசா வச்சுக்குங்க" என்றார். இந்த "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் இடது கையில் கிடைத்தால் போதும். வலிக்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒண்ணுமில்லை என்று சொல்ல எவ்வளவு கொழுப்பு வேண்டும்! ஆபீஸில் எனக்கு 'ராஜா கை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கையை எதன் மேலும் வைக்காமல் அந்தரத்தில் தூக்கிக்கொண்டே திரிந்தேனாம்.

கடைசியில் அம்மனிடம் போனேன். கை சரியானால் போதும், தாயே, திருவிழாவில் அலகு குத்திக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கை சரியாகவில்லை. வேண்டினது வேண்டினதுதானே என்று குத்திக்கொண்டேன். இரண்டு கன்னத்தையும் துளைத்துக்கொண்டு வேல் போனது. மேளம் முழங்கியது, தெரு முழுக்க வேப்பிலை வாசம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொட்டு வலி தெரியவில்லை.

ஊர்வலம் முடிந்து மேளம் நின்றது. அலகை எடுக்கிறவருக்காக மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு அம்மாள் சின்னப் பெட்டியோடு அலைந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் நைலான் இழைகள், சன்னத்திலிருந்து தடிமன் வரை. அலகு குத்தினவர்களைப் பார்த்துப் பார்த்து அந்த இழையால் தோளில் குத்தி, "இது வலிக்குதா? இதுவாவது வலிக்குதா?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். "அம்மா, இது கோயில், ஆஸ்பத்திரி இல்ல" என்று தர்மகர்த்தா பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். "உங்க சாமி பண்ற வேலையைத்தான்யா கணக்குப் பண்றேன், போய்யா!" என்று அவரைத் துரத்திவிட்டு, என் முன்னால் வந்து நின்றார்.

தோளில் குத்தினார். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தேன். குத்தின இடத்தைத் துடைக்கப் பஞ்சை எடுத்தார். அது என் வலது புறங்கையில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். வாய்க்குள் வேல் இருந்ததால் 'ஐயோ'வைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் சாமி மறுபடி வந்துவிட்டது என்று கும்பிட்டுவிட்டார்.

"கன்னத்துல வேல்! பஞ்சுக்கு அலறுறே!" சயாமா முகத்தில் லாட்டரி அடித்த சந்தோஷம். அடுத்த கணமே முகம் கறுத்துவிட்டது. "எத்தனை மாசமாப்பா இப்படி இருக்கு? எவன்டா பார்த்தான் உன்னை? ஒண்ணுமில்லன்னானா? அவனை எங்கிட்டக் கூட்டிட்டு வா!"

அலகை எடுத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என் வலியை ஒரு ஆள் நம்பினது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழாதே, அழுதா எனக்குக் கோவம் வரும்" என்றார். அழாவிட்டாலும் வந்தது.

அந்த வாரமே ஆபீஸில் என்னை மேனேஜர் கூப்பிட்டார். போனைத் திருப்பிக் காட்டினார். எவனோ புண்ணியவான் ஃபேஸ்புக்கில் போட்டிருந்த படம். கன்னத்தில் வேலோடு நான், சிரித்த மாதிரி வேறு இருந்தது.

"இத்தாம் பெரிய வேலு குத்தினா வலிக்கல, நாலு பில் அடிச்சா வலிக்குதாக்கும்? யாருகிட்ட நாடகம் ஆடுறே, செல்வம்? திங்கக்கிழமை உன் சீட்டுக்கு வேற ஆள் வராரு."

பதினேழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். வேலை போவதுகூடப் பெரிதில்லை, பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு போக வேண்டுமே! தாகேதாவுக்கு, சயாமா வீட்டுக்கு ஓடினேன். சயாமா கேட்டு முடித்தார், செருப்பை மாட்டினார், டிஃபன் கேரியரை எடுத்தார். மேல் தட்டில் இழைப் பெட்டி, கீழ்த் தட்டில் மிளகாய்ச் சாறு.

மேனேஜர் அறையில் யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். என் கண்ணைத் துண்டால் கட்டினார். இழையால் கையெல்லாம் தொட்டுக்கொண்டே வந்தார். நான் "வலிக்குது" என்ற இடத்திலெல்லாம் நீலப் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டார். அரை மணி கழித்து, மறுபடி கண்ணைக் கட்டி, சிவப்புப் பேனா. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் நீலக் கோட்டு மேலேயே சிவப்புக் கோடு ஓடுகிறது.

"இது அறுந்துபோன நரம்பு ஓடுற இடம். புஸ்தகத்துல போட்டிருக்கிற படம் இது. பில் அடிக்கிறவன் அந்தப் புஸ்தகத்தை எங்கய்யா படிச்சான்? பொய் சொல்றவன் கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டு தடவை ஒரே படம் போடுவானா?"

மேனேஜர் மசியவில்லை. "சயாமா, வலி வலின்னு பயம் காட்டாதீங்க. நான் பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டுச் சோறு திங்கறவன்."

சயாமா கண்ணில் அந்த எலிக்கூண்டு மினுக்கம் வந்தது. "அப்படியா? எங்கே, கையை நீட்டு பாப்போம்."

முன்கையில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சாறு நனைத்த துணியை வைத்துக் கட்டினார். மேனேஜர் பத்து நிமிஷம் சிரித்தார். அப்புறம் பேச்சுக் குறைந்தது. அப்புறம் வியர்த்தது. அரை மணியில் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, வட்டத்துக்கு வெளியே, சாறே படாத நல்ல தோலில், பஞ்சால் ஒரு கோடு இழுத்தார்.

"அய்யய்யோ!" ஆபீஸே எழுந்து நின்றது.

"ஏன் கத்துறே? அங்க காயம் எங்கே? காட்டு!" சயாமா விடவில்லை. "ஒண்ணுமில்லையே! மனசை லேசா வச்சுக்க!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"உனக்கு ராத்திரிக்குள்ள போயிடும். இவனுக்கு உள்ளேயே நரம்பு அறுந்திருக்கு. அது வாயை மூடாது. பெப்டைடை அள்ளி அள்ளி முதுகுத்தண்டுல கொட்டும். அங்க இருக்கிற வலிக் கதவு தாழ்ப்பாளே விழாமப் போயிடும். அப்புறம் பஞ்சு பட்டாலும் வலின்னுதான் உள்ள போகும்."

மேனேஜர் கையை ஊதிக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்த வேலு ஏன் வலிக்கல?"

"மூளையே வலியை அமுக்கிறதுக்கு வேற பெப்டைடு வச்சிருக்கு. எண்டார்ஃபின்னு பேரு. சாமி முன்னாடி, மேளத்துக்கு முன்னாடி அது ஊத்து ஊத்துன்னு ஊத்தும். ஆபீஸ்ல உன் மூஞ்சியப் பாத்தா ஊத்துமாய்யா?"

மேனேஜர் கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடியே, என்னை டெலிபோன் சீட்டுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். காதில் மாட்டிப் பேசுகிற வேலை, கைக்கு வேலையில்லை. ஃபேன் இல்லாத மூலையாகவும் பார்த்துக் கேட்டு வாங்கினார் சயாமா.

கீழே இறங்கி பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு ஒரே குஷி. இவ்வளவு தெரிந்தவர், இதைச் சரிபண்ணவும் தெரிந்திருக்குமே என்று கேட்டேன்.

"சயாமா, இது எப்ப போகும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். "தெரியல தம்பி. நரம்பு மாத்திரை குடுக்கிற டாக்டர்கிட்ட அனுப்புறேன், பாதி குறையும். மீதிக்கு என்கிட்ட மருந்து இல்ல. ஏன் வலிக்குதுன்னு சொல்ற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சேன்!" அன்றைக்கு அவர் திட்டினதிலேயே அதுதான் பெரிய திட்டு, தன்னைத்தானே.

மாத்திரையில் பாதி குறைந்தது. மீதி இன்றைக்கும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவரோடு அதே பஸ்ஸில் டாக்டரிடம் போய்வருகிறேன். கடைசி நீள சீட்டில் என் வலது பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இடது பக்கத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் திட்டி எழுப்பிவிட்டு, அங்கே உட்கார்ந்து, இறங்குகிற வரைக்கும் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வருவார்.